அவரைக்கொடிக்காக மைக் பிடித்தவர்

அன்று காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஆட்டோ அறிவிப்பு கேட்டது. எங்கள் செஞ்சியில் யாராவது இறந்துவிட்டால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப்போவார்கள். அது ஜெய்லானி பாயின் ஆட்டோ என்பது ஒலிபெருக்கியின் கரகரப்பிலேயே தெரிந்தது. குரல்தான் அவருடையது இல்லை. அவரிடம் வேலை பார்க்கும் சேகரின் குரல். பாய் தன் மனைவியோடு மகள் வீட்டு விசேஷத்துக்காக அவலூர்பேட்டை போயிருந்தார். அதனால் சேகர் வந்திருக்கிறான் என்று நினைத்தபடி டிபன் பாக்ஸை மூடினேன். இறந்தவரின் பெயரைச் சேகர் சொன்னபோது எனக்கு முதலில் புரியவே இல்லை. ஆட்டோக்காரர் பெயரைத்தான் சொல்கிறான் என்று எண்ணினேன்.

ஆட்டோ எங்கள் வீட்டு கேட் முன்னால் நின்றது. சேகர் மைக்கை அணைத்துவிட்டு இறங்கினான். “டீச்சர், விடியக்காலைல நெஞ்ச அடைக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சாம்” என்றான்.

பின்பக்கத்திலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்தாள். “இன்னாடி சொல்றான்?” என்று கேட்டாள். சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சேகரைப் பார்த்து, “மத்தியானத்துக்குள்ள இங்க கொண்டாந்துருவாங்களா?” என்றாள்.

“கொண்டாந்துருவாங்க ஆயா.”

“அப்ப நீ லீவு சொல்லிடு. அந்தப் பொண்ணு வரும்போது வீட்டாண்ட நாம இருக்கணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அம்மா ‘அந்தப் பொண்ணு’ என்றது பாயின் மனைவி ஹபீபா அக்காவை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஜெய்லானி பாயைத் தெரியும். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கோ தெருக் கோயில் கூழ் ஊற்றலுக்கோ அவர் மைக் செட் கட்டியிருப்பார். ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் மின்தடையையும் அவர் வாயால்தான் இந்த ஊர் கேட்டது. பல வருஷம் மைக்கில் பேசிப் பேசி, மைக் இல்லாமலும் அதே சத்தத்தில் பேசுவது அவருக்குப் பழகிவிட்டது. மருத்துவமனையில் மெதுவாகப் பேசச் சொன்னால், அதே குரலில், “சரி, மெதுவா பேசறேன்” என்பார். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த ஆளை அடுத்த வீட்டிலிருந்து பார்த்தவள் நான். நம் ஊர் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு நினைவு வந்ததெல்லாம் எங்கள் வீட்டு அவரைப் பந்தலும், அதில் பிடித்த பூச்சியும், அந்த மண்ணும்தான்.

சிங்கவரம் போகும் வழியில் புதிதாகப் பிரித்த மனைகளில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தது ஒரு சித்திரையில். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் சொந்தமாக நிலம் இருந்ததில்லை. நைனாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நைனா போன பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். வீட்டின் சுவர், தரை, குழாய் எதையும் அவள் அவ்வளவாகப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், வீடு கட்டியதுபோக மிச்சம் கிடந்த மண்ணைப் பார்த்தாள். “இதுவும் நம்முதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்ப அவரை போடலாம்” என்றாள்.

அது மண் மாதிரியே இல்லை. கட்டட வேலை நடந்தபோது கொட்டிய காரைக் கட்டிகள், செங்கல் துண்டுகள், ஜல்லி எல்லாம் வெயிலில் இறுகிப் பாறையாகக் கிடந்தன. அம்மா கடப்பாரையைப் போட்டதும் ‘டங்’ என்று சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து அதைவிடப் பெரிய சத்தம் கேட்டது.

“இன்னா டீச்சர், கெணறா வெட்டறீங்க?”

அப்படித்தான் அறிமுகம். கொஞ்ச நேரத்தில் தன் கடப்பாரையோடு வந்துவிட்டார். ஹபீபா அக்கா டீ கொண்டுவந்தார். குடித்து முடித்ததும் அம்மா பழக்கத்தில் டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். ஹபீபா அக்கா அதை அவள் கையிலிருந்து வாங்கி, தன் டம்ளரோடு சேர்த்து அடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைவரை பாயும் அம்மாவும் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் வேலி ஓரமாகக் குவித்தார்கள். அந்தக் குவியல் இன்றும் இருக்கிறது. அதன்மேல் ஓணான்கள் வெயில் காய்கின்றன.

கல் போன பிறகும் மண் செத்துத்தான் கிடந்தது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்றது. பாய் யோசித்தார். அவருக்கு யோசனை வந்தால் முகமே சிவந்துவிடும். தெரிந்தவர் ஒருவரின் கோழிப்பண்ணையில் எரு சும்மா கிடக்கிறது, அள்ளிக்கொண்டு வந்தால் மண் ஒரே மாதத்தில் எழுந்துவிடும் என்றார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, “இன்னாம்மா சொல்ற, போடலாமா?” என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்லத் திணறியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். “போட்டுப் பாக்கலாம்” என்றாள் மெதுவாக.

ஆட்டோ நிறையக் கோழி எரு வந்து இறங்கியது. பண்ணையிலிருந்து நேராக அள்ளி வந்தது. சூடு கூட ஆறவில்லை. தெரு முழுக்க நாற்றம். பாய்க்கு அது நாற்றமாகவே படவில்லை. மறுநாள் ஏதோ கடைத் திறப்பு விழாவுக்கு அறிவிப்புச் சொல்லிவிட்டுத் திரும்பியவர், நம் தெருவுக்குள் நுழைந்ததும் மைக்கை அணைக்காமல் சொந்தமாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார். “வீட்டுத் தோட்டம் வச்சிருக்கிற தாய்மார்களே, செத்த மண்ணுக்கு உயிர் குடுக்கக் கோழி எரு வந்திருக்குது, ஜெய்லானி வீட்டாண்ட வந்து இலவசமா அள்ளிக்கினு போங்க!” சனம் வாளியோடு வந்தது. உங்களில் சிலரும் அள்ளிக்கொண்டு போனீர்கள்.

ஆடியில் அம்மா அவரை விதை ஊன்றினாள். கொடி வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. பாய் பந்தல் கால்களுக்குத் தன் மைக் செட் மூங்கில்களைக் கொடுத்தார். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை, தொட்டால் ஒடியும்போல அவ்வளவு இளசு. ஆனால் பூவைக் காணோம். “கொழுப்பு ஏறிடுச்சு. கொஞ்சம் பொறு, பூக்கும்” என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தினமும் காலையில் எழுந்ததும் பந்தலுக்கடியில் போய் அண்ணாந்து பார்ப்பாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு வானம் மூட்டம் போட்டே கிடந்தது. ஒருநாள் காலை அம்மா என்னைக் கூப்பிட்டாள். கொழுந்து முனைகளில் மிளகை இடித்துத் தூவியது போலக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டபோது அது நகர்ந்தது. அசுவினிப் பூச்சி. எங்கள் பக்கத்தில் பேன் என்பார்கள். அப்போதுதான் வந்திருந்த சில பூங்கொத்துகளிலும் அதே கறுப்பு. இலைகள் பிசுபிசுவென்று ஒட்டின. எறும்புகள் சாரிசாரியாகப் பந்தல் காலில் ஏறிக்கொண்டிருந்தன.

பாய் கடையில் மருந்து வாங்கி வருவதாகச் சொன்னார். அம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். “அது மட்டும் வாணாம் பாய். மருந்து அடிச்ச வயல்ல மறுநாளே எங்கள களையெடுக்க எறக்குவாங்க. ராத்திரில்லாம் கை எரியும். என் வீட்ல அது வாணாம்.”

“சரிம்மா, வாணாம். சோப்புத் தண்ணி அடிக்கலாமா? அதுல பேன் செத்துரும்னு சொல்றாங்க.”

சோப்புத் தண்ணீர் என்றால் ஒரு வாளிக்குத் துளியூண்டு சோப்பு என்று இன்று எங்களுக்குத் தெரியும். அன்று தெரியாது. பாய் துணி துவைக்கும் பவுடரைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, நுரை பொங்கப் பொங்கக் கலக்கி, உச்சி வெயிலில் பந்தல் முழுக்கத் தெளித்தார். பேன் செத்தது உண்மைதான். அடுத்த சில நாட்களில் இலைகளும் ஓரம் கருகிச் சுருண்டு கொட்டத் தொடங்கின. மிஞ்சிய கொழுந்துகளில் பேன் மறுபடியும் வந்து அப்பிக்கொண்டது.

அம்மா கத்தவில்லை. கருகிய கொடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஆயுசுல எனக்குன்னு ஊனுன விதை பாய்” என்றாள். உள்ளே வந்து பின்கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் பாய் மாடியிலிருந்து கூப்பிட்டாலும் அவள் பதில் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேரையும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஹபீபா அக்கா துணி உலர்த்தும்போது என்னிடம், “மனுசன் சோறு சரியா துன்றதில்ல டீச்சர். ராவெல்லாம் செடியப் பத்தியே பேசிக்கினு கெடக்குறாரு” என்றார்.

அந்த வாரம் தொண்டூரிலிருந்து ஒரு விவசாயி காதுகுத்துக்கு மைக் செட் சொல்ல வந்திருக்கிறார். பாய் முன்பணம் வாங்குவதற்கு முன்பே அவரிடம் அவரைக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சிரித்தாராம். “நானும் ஒரு வருசம் இதே மாதிரிதான் கெடுத்தேன் பாய்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். பச்சைக் கோழி எரு காரம் மிகுந்தது. அதை மக்கவிடாமல் அள்ளிக் கொட்டினால் கொடி பூக்காமல் கொழுக்கும். கொழுத்த கொழுந்தில் சாறு அதிகம். அந்தச் சாற்றுக்குத்தான் பேன் வருகிறது.

மறுநாள் காலையில் பாய் எங்கள் கேட்டைத் தட்டினார். அவர் தட்டியே நான் பார்த்ததில்லை. எப்போதும் கூப்பிட்டுக்கொண்டேதான் வருவார். அம்மா வாசலுக்கு வரும்வரை நின்றார்.

“யம்மா, பூச்சி தானா வர்ல. நான்தான் கூப்ட்டு உக்கார வச்சிருக்கேன்” என்றார். தொண்டூர்க்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு, “எனக்குத் தெரியாத விசயத்த தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்பு என்னுது” என்றார்.

“எனக்கு மட்டும் தெரிஞ்சிதா?” என்றாள் அம்மா. “அம்பது வருசம் செடியாண்டயே கெடந்தவ நானு. களை எடுன்னாங்க, எடுத்தேன். பறின்னாங்க, பறிச்சேன். எரு எவ்ளோ போடலாம்னு ஒருத்தன் என்னக் கேட்டதில்ல. நீ கேட்ட. கேட்ட சந்தோசத்துல நானும் தலையாட்டிட்டேன். உள்ள வா தம்பி, டீ போடறேன்.”

அதுவரை அவரை ‘பாய்’ என்று மட்டுமே அழைத்து வந்தவள், அன்றிலிருந்து தம்பி என்றாள்.

டீயைக் குடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். ஆட்டோவை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை; எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். தெருமுனையிலிருந்து அவர் குரல் கிளம்பியது.

“பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு! கோழி எருவ பத்தி நான் உங்களுக்குச் சொன்னது தப்பு! பச்சை எருவ யாரும் செடிக்குப் போட வாணாம்! போட்டவங்க மேலாப்ல இருக்கிறத வழிச்சி எடுத்து, காஞ்ச இலை தழையோட சேத்து மக்க வைங்க! சோப்புப் பவுடரும் அடிக்காதீங்க! சொன்னது ஜெய்லானி! தப்பும் ஜெய்லானியோடது!”

கதவுகள் திறந்தன. சிலர் சிரித்தார்கள். கத்தரிச் செடி கருகிப்போன ஒருவர் வாசலில் நின்று அவரைத் திட்டினார். பாய் ஆட்டோவை நிறுத்தி, திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “நாளைக்கு வந்து நானே அள்ளிப் போடறேன் சார்” என்றார்; சொன்னபடி போய் அள்ளியும் போட்டார். ஹபீபா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன், சிரிப்பை அடக்க முடியாமல் நின்றிருந்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், “இதுக்குப் போயி மைக்கா பாய்? வீடு வீடா சொன்னா போதாதா?” என்று கேட்டார்.

பாய் மைக்கிலேயே பதில் சொன்னார். “மைக்ல சொன்னத மைக்லதான் சார் மாத்தணும்!”

பிற்பாடு ஒருநாள் இதைப் பற்றி அவரிடம் பேசியிருக்கிறேன். ஊரெல்லாம் கேட்கச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். “வெக்கமாத்தான் இருந்திச்சி. தப்ப மெதுவா சொன்னா அது ரகசியமாயிடும் டீச்சர். அப்புறம் அத்த காப்பாத்திக்கினே இருக்கணும். நம்மால முடியாது” என்றார்.

அந்த வருஷம் கொடியைக் காப்பாற்ற அவர்கள் இருவரும் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரொம்ப மோசமான கொடிகளை அம்மாவே பிடுங்கினாள். மற்றவற்றில் பேன் அப்பிய முனைகளைக் கிள்ளி மண்ணில் புதைத்தார்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடியைக் கழுவினார்கள். எறும்பு ஏறாமல் இருக்கப் பந்தல் காலைச் சுற்றிச் சாம்பல் கொட்டினார்கள். வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தார்கள். பாய் இப்போது ஒவ்வொன்றையும் ஒரு கொடியில் மட்டும் செய்து பார்த்துவிட்டு மறுநாள்வரை காத்திருந்தார். அவரைப் போன்ற ஆளுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் வேலியோரம் நடக்கும் நடையிலேயே தெரியும்.

ஒருநாள் அவர் போட்ட கூச்சலில் நான் சமையலறையிலிருந்து ஓடினேன். இலையடியில் கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை போல ஒரு புழு. புதுப் பூச்சி வந்துவிட்டது என்று பாய் நசுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியாக ஒன்றை நசுக்கப் போனபோது, அது ஒரு பேனை வாயில் கவ்விக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அது தின்று முடித்துவிட்டு அடுத்த பேனுக்குப் போயிற்று.

“ஐயோ டீச்சர், நம்ம ஆளயே கொன்னுட்டேன்!” என்றார்.

அவை பொறிவண்டின் புழுக்கள். மிஞ்சியவற்றைத் தொடவே கூடாது என்று அவர் போட்ட உத்தரவில் அன்றிலிருந்து வேப்பெண்ணெயும் நின்றது. “நம்ம ஆளுங்க சாப்புட்டுக்கினு இருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த வருஷம் அவரை கொஞ்சமாகத்தான் காய்த்தது. ஒரு பொரியலுக்குத் தேறியது. பாய் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக அதைப் பங்கிட்டுத் தின்றோம். அம்மாவுக்கு அது கணக்கிலேயே சேரவில்லை.

அதன்பின் மண் வேலை. இம்முறை இருவருமே அவசரப்படவில்லை. ஆலையில் கழித்துப் போடும் வேர்க்கடலைத் தோலை மூட்டை மூட்டையாகப் பாய் கொண்டுவந்தார். அம்மா அக்கம்பக்கத்தில் மாட்டுச் சாணம் அள்ளி வந்தாள். வேப்பஞ்சருகு, வாழைத்தண்டு, சமையலறைக் கழிவு, வழித்தெடுத்த அந்தக் கோழி எரு எல்லாம் ஒரு குழிக்குள் போயின. பாய் தினமும் கம்பியை விட்டுக் கிளறிப் பார்ப்பார். மக்கி முடிந்து, நாற்றம் போய், மழை பெய்தவுடன் வருமே அந்த வாசனை வந்தபோது, ஒரு பிடி அள்ளி ஹபீபா அக்காவின் மூக்கருகில் கொண்டுபோனார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

கோடையில் தொண்டூர்க்காரர் சொன்னபடி சணப்பை விதைத்தார்கள். மடக்கி மண்ணிலேயே புதைப்பதற்காக வளர்க்கும் பயிர் அது. பளிச்சென்று மஞ்சளாகப் பூத்தது. பூத்தவுடன் மடக்கவேண்டும். பாய் மண்வெட்டியோடு வந்து நின்றுகொண்டே இருந்தார். “பூத்துக்கினு இருக்கிறத எப்டிம்மா வெட்டறது? இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே” என்றார். அம்மா மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பாதி முடிந்ததும் அவரும் வந்து சேர்ந்துகொண்டார். ஆடி மழையில் அந்த மண்ணைத் தோண்டியபோது கடப்பாரையே தேவைப்படவில்லை. களைக்கொட்டு பொதபொதவென்று இறங்கியது. மண்புழுக்கள் நெளிந்தன.

அந்த வருஷமும் பேன் வந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கொடி இம்முறை கொழுக்கவில்லை; இலை சின்னதாக, தடிப்பாக இருந்தது. காலையில் எழுந்து முனைகளைக் கிள்ளினாலே போதுமாக இருந்தது. மிச்சத்தைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொண்டன. கார்த்திகையில் பந்தல் முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்.

முதல் பறிப்பு நாளை என் கண் முன்னால் இப்போதும் பார்க்கிறேன். நான் கூடையைக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை மடியாகக் கட்டிக்கொண்டாள். கூலிக்குப் பறிக்கும் காலத்தில் மடியில் ஒரு காய் போட்டாலும் வரப்பில் நிற்கிறவர் உதறிக் காட்டச் சொல்வார். அதை அம்மா எனக்குச் சொன்னதில்லை. சின்ன வயதில் வரப்போரம் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். அன்று அவள் மடி கனக்கக் கனக்கப் பறித்தாள். பிறகு அப்படியே, மடியைப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். நேராகப் பாய் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“தம்பி, பாத்திரம் கொண்டா” என்றாள்.

பாய் அண்டாவைக் கொண்டுவந்தார். அம்மா மடியை அவிழ்த்துக் கொட்டினாள். ஜெய்லானி பாய் ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹபீபா அக்கா அன்று அவரைக்காயைக் கறியோடு சேர்த்துக் குழம்பு வைத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அம்மா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் பாய்க்கு யோசனைகள் வந்துகொண்டுதான் இருந்தன. மீன் கழிவில் வெல்லம் போட்டு ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுவது கடைசி யோசனை. அம்மா, “மொதல்ல உன் வீட்டுத் தொட்டியில ஊத்து, பாத்துட்டு சொல்றேன்” என்று சொல்லிவிட்டாள். அவர் அப்படியே செய்தார். அது நன்றாகவே வேலை செய்தது. அம்மாவிடம் இதை ஒரு வாரம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். அவலூர்பேட்டைக்குக் கிளம்பிய அன்றும் வேலியோரம் நின்று, “யம்மா, நான் வர்ற வரைக்கும் இலைய திருப்பித் திருப்பிப் பாத்துக்கோ” என்றார். “அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ பஸ்ஸ வுட்டுறாத” என்றாள் அம்மா. அவர்கள் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். அதில் குறை ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்கிறாள்.

அவரை அடக்கம் செய்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா பெரிய குண்டானில் சாம்பார் வைத்தாள். வந்திருந்த எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஹபீபா அக்கா சாப்பிட மறுத்தபோது அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளமாகப் பிசைந்து கொடுத்தாள்.

அவரிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய குரல் எனக்கு இல்லை. நான் வகுப்பில் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை. தோட்டமும் அம்மாவின் கையில்தான் இருக்கிறது. என்னிடம் தங்கியிருப்பது, தவறைச் சொன்ன அதே இடத்தில், அதே ஆட்களிடம் போய்த் திருத்திவிடும் வழக்கம். வகுப்பில் நான் தவறாகச் சொன்னது பிறகு தெரிய வந்தால், முன்பெல்லாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இப்போது அப்படிப் போக முடிவதில்லை.

அவர் போன மறுவாரம் பள்ளியில் ‘சுடுநீர்’ என்ற சொல்லுக்கு இலக்கணக் குறிப்பாகப் பண்புத்தொகை என்று எழுதிப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும், “நேத்து நான் சொன்னது தப்பும்மா. சுடுநீர் வினைத்தொகை” என்றேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத் திரும்பினால், ஒரு பெண்கூட நோட்டில் திருத்துவதைக் காணோம். முன்பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள்.

“நேத்தே தெரியும் டீச்சர். நாங்க வினைத்தொகைன்னுதான் எழுதினோம்.”

“அப்புறம் ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு தெரியும் டீச்சர்” என்றாள்.